கெரிட்: பெயரில் பிடிவாதம் உள்ளவர்களுக்கான ரிவ்யூ கருவி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோட் ரிவ்யூவில் (ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துக் கருத்து சொல்வது) எழுதும் கமென்ட்களில் பாதிக்கு மேல் வேரியபிள், ஃபங்ஷன் பெயர்களைப் பற்றித்தான் இருக்கும். "டேட்டா என்றால் என்ன டேட்டா?", "டெம்ப்2 இருக்கிறது, டெம்ப்1 எங்கே போனது?", "ஹேண்டில் என்று வைத்திருக்கிறீர்களே, எதை ஹேண்டில் செய்கிறது?" இந்த ரகம். பெயரைப் பற்றிப் பேசிப் பேசியே கெட்ட பெயர் வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன். நான்கு வருடமாக ஓப்பன் சோர்ஸில் இரண்டு ப்ராஜெக்ட்களில் ரிவ்யூ செய்கிறேன், ஒன்று கிட்ஹப் மாதிரி தளங்களின் புல் ரிக்வெஸ்ட் முறையில் (செய்த மாற்றங்களை ஒரே வேண்டுகோளாக அனுப்புவது) நடப்பது, மற்றது கெரிட்டில் நடப்பது. எடிட்டரைப் பார்ப்பதைவிட இந்த இரண்டு திரைகளைப் பார்க்கும் நேரம்தான் அதிகம். "கெரிட் எப்படி, மாறலாமா?" என்று கேட்பவர்களுக்குத் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கெரிட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அது கிட் ரெப்போவின் (கோடையும் அதன் மாற்றங்களின் வரலாற்றையும் வைத்திருக்கும் கிடங்கு) வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு காவல்காரர். நீங்கள் புஷ் செய்வது, அதாவது அனுப்புவது, நேராக பிராஞ்சுக்கு (எல்லோருக்கும் பொதுவான கோட்) போகாது. ஒரு கமிட் (குறிப்போடு பதிவுசெய்த ஒரு மாற்றம்) ஒரு 'சேஞ்ச்' ஆகி வாசலில் காத்திருக்கும், யாராவது படித்து, கமென்ட் எழுதி, மதிப்பெண் போட்டு, அப்புறம்தான் உள்ளே போகும். திருத்திக் கொண்டுவந்தால் அதே சேஞ்ச் 'பேட்ச் செட் 2' ஆகும், அப்புறம் 3, 4 என்று போகும். இலவசம், அப்பாச்சி 2.0 உரிமம். ஆண்ட்ராய்டு, குரோமியம், கோ மொழி, லிப்ரே ஆஃபீஸ், ஓப்பன்ஸ்டாக் எல்லாம் இதில்தான் ரிவ்யூ செய்கிறார்கள், ஆக ஆள் நடமாட்டம் இல்லாத கருவி இல்லை.

பெயர்களில் பிடிவாதம் உள்ளவன் என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கருவியின் பெயரிலேயே ஆரம்பிக்கிறேன். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் கூகுளில் இருந்தபோது உள்ளுக்குள் பயன்படுத்த மாண்ட்ரியன் என்று ஒரு ரிவ்யூ கருவி எழுதினார், அது டச்சு ஓவியர் ஒருவரின் பெயர். 2008-ல் அதே யோசனையை வெளியுலகத்துக்காக ரீட்வெல்ட் என்று எழுதினார், இது டச்சுக் கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயர். ஆண்ட்ராய்டு குழுவுக்கு யார் எதை அனுமதிக்கலாம் என்ற கட்டுப்பாடுகள் வேண்டியிருந்தன, அதை ரீட்வெல்டுக்குள் திணிப்பதைவிடத் தனியாகப் பிரிந்துவிடலாம் என்று முடிவானது. அந்தப் பிரிவுக்கு, அந்தக் கட்டடக் கலைஞரின் முதல் பெயரையே வைத்துவிட்டார்கள், கெரிட் ரீட்வெல்ட். ஷான் பியர்ஸ் ஆரம்பித்த வேலை, பிறகு முழுக்க ஜாவாவில் திருப்பி எழுதப்பட்டது. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைக் கேட்டு இது என்ன செய்யும் என்று ஒருவராலும் ஊகிக்க முடியாது. இதை ஒரு வேரியபிளுக்கு யாராவது வைத்திருந்தால் நான் -1 போட்டிருப்பேன்.

அதுகூடப் பரவாயில்லை, உள்ளே இருக்கும் பெயர்கள் இன்னும் மோசம். புதிதாக வருபவர் வேலையை முடித்துவிட்டு 'சப்மிட்' பொத்தானைத் தேடுவார், ரிவ்யூவுக்கு அனுப்புவதுதான் சப்மிட் என்று நினைத்து. கெரிட்டில் சப்மிட் என்றால் பிராஞ்சில் சேர்த்துவிடுவது, அதாவது மற்ற இடங்களில் மெர்ஜ் என்று சொல்வது. விண்ணப்பத்தைக் கொடுப்பதற்கும் விண்ணப்பம் நிறைவேறுவதற்கும் ஒரே சொல்லை வைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? வேண்டாம் என்று மூடி வைப்பதற்கு 'அபேண்டன்', கைவிடுதல். முதல் முறை என் சேஞ்சை நானே அப்படி மூடியபோது குழந்தையைக் கோயில் வாசலில் விட்டுவந்த மாதிரி இருந்தது. போட்டியாளர்களும் யோக்கியம் இல்லை: புல் ரிக்வெஸ்ட் என்பது கொடுப்பவர் வாயிலிருந்து "என்னுடையதை இழுத்துக்கொள்ளுங்கள்" என்று வரும் வேண்டுகோள், அதனால் புதியவர்களுக்கு புஷ், புல் இரண்டும் குழம்பும். இந்த ஒரு விஷயத்தில் கிட்லேபின் 'மெர்ஜ் ரிக்வெஸ்ட்' தேவலை.

முதல் நாள் அனுபவத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன், கஷ்டம்தான். புஷ் செய்ய வேண்டியது மெயின் பிராஞ்சுக்கு இல்லை, ரெஃப்ஸ்/ஃபார்/மெயின் என்ற ஒரு மாயப் பெயருக்கு. சரி என்று அதைச் செய்தால் "கமிட் மெசேஜில் சேஞ்ச்-ஐடி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். அதற்கு ஒரு ஹூக் ஸ்கிரிப்டை (கமிட் செய்யும்போது தானாக ஓடும் சின்ன ப்ரோகிராம்) இறக்கி ரெப்போவுக்குள் வைக்க வேண்டும், அது ஒவ்வொரு கமிட் மெசேஜின் அடியிலும் பெரிய ஐ-யில் தொடங்கும் நீளமான ஒரு எண்ணை ஒட்டும். அந்த எண்தான் "இது அதே சேஞ்சின் அடுத்த பேட்ச் செட்" என்று கெரிட்டுக்கு அடையாளம். இது புரியாமல், திருத்தங்களை அமெண்ட் செய்யாமல், அதாவது பழைய கமிட்டுக்குள்ளேயே சேர்க்காமல், புதுப்புது கமிட்டாகப் போட்டுக்கொண்டே போனவரின் ஏழு சேஞ்ச்களை ஒருநாள் காலையில் பார்த்தேன், ஒவ்வொன்றின் தலைப்பும் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "மறுபடி ஃபிக்ஸ்". அமெண்டும் இன்டராக்டிவ் ரீபேஸும் (பழைய கமிட்களை எடுத்துத் திருத்தி மறுபடி அடுக்குவது) கையில் படியாதவருக்கு கெரிட் முதல் இரண்டு வாரம் சித்திரவதை. மூன்றாவது வாரத்திலிருந்து ரீபேஸ் பயமே போய்விடும் என்பதும் உண்மை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு திட்டிவிட்டு நான் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், பேட்ச் செட்களுக்கு இடையிலான டிஃப், அதாவது எந்த வரி மாறியது என்று காட்டும் ஒப்பீடு. எந்த இரண்டு பேட்ச் செட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். "நீ போன தடவை சொன்னதற்கு இவர் என்ன செய்தார்" என்பது மட்டும் தெரியும். நடுவில் ரீபேஸ் நடந்திருந்தால் (மற்றவர்களின் புது மாற்றங்களுக்கு மேல் தன் கமிட்டை நகர்த்தி வைப்பது), ரீபேஸால் வந்த வரிகளைத் தனி நிறத்தில் பிரித்துக் காட்டும். புல் ரிக்வெஸ்டில் ஃபோர்ஸ் புஷ் செய்தாலும் (முன்பு அனுப்பியதன் மேலேயே புதியதை வைப்பது) ஒப்பிட்டுப் பார்க்க ஒரு இணைப்பு வரும்தான், ஆனால் ரீபேஸும் திருத்தமும் ஒன்றாகக் கலந்து வந்தால் எது ஊருடையது, எது இவருடையது என்று பிரிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இதன் அருமை எனக்கு ஒரு சின்ன சேஞ்சில் புரிந்தது. நெட்வொர்க் இணைப்பு தொங்கிப் போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு ஒரு புது பாராமீட்டர், பெயர் 'டைம்அவுட்'. பேட்ச் செட் 1-ல் நான் போட்டது ஒரே வரி: "செகண்டா, மில்லிசெகண்டா?" பைத்தானின் ஸ்லீப் செகண்டில் வாங்கும், ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் மில்லிசெகண்டில் வாங்கும், இரண்டு பக்கமும் வேலை செய்பவர் கை எதில் பழகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். "டாக்குமென்டேஷனில் எழுதியிருக்கிறேனே" என்றார் எழுதியவர். எழுதித்தான் இருந்தார். ஆனால் ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்துக்கு டாக்குமென்டேஷன் கூடவே வராது, பெயர் மட்டும்தான் வரும். இரண்டு நாள் இழுத்தது. இன்னொரு ரிவ்யூவர் வந்து "இதெல்லாம் ஒரு விஷயமா, விடுங்கள்" என்றார். கடைசியில் எழுதியவர் என் தொல்லை தாங்காமல் பேட்ச் செட் 4-ல் 'டைம்அவுட்_எம்எஸ்' என்று மாற்றிவிட்டு 'டன்' அழுத்தினார். நான் 3-ஐயும் 4-ஐயும் மட்டும் வைத்துப் பார்த்தேன். அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் ஏழு இடம் மாறியிருந்தது. டைம்அவுட்_எம்எஸ்=5000, டைம்அவுட்_எம்எஸ்=30000, இன்னொரு 5000, இப்படியே வந்து ஏழாவது இடத்தில் டைம்அவுட்_எம்எஸ்=30.

முப்பது மில்லிசெகண்ட். உலகத்தின் மறுபக்கம் இருக்கும் சர்வரோடு கைகுலுக்கக்கூட அது பத்தாது. முந்தைய மூன்று பேட்ச் செட்டிலும் அந்த வரி 'டைம்அவுட்=30' என்று அங்கேயேதான் இருந்தது, மூன்று பேர் கண்ணைத் தாண்டி, டெஸ்ட்களையும் தாண்டி (டெஸ்ட் சர்வர் அதே மெஷினில் ஓடுகிறது, கண் சிமிட்டுவதற்குள் பதில் சொல்லிவிடும்). 'டைம்அவுட்=30' என்று படித்தால் எல்லோர் மனதும் தானாக செகண்டைச் சேர்த்துக்கொள்ளும். பெயரில் அளவு வந்தவுடன் தப்பு தானே எழுந்து நின்றது. எழுதியவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் பேட்ச் செட் 5 அனுப்பினார், கமென்ட் எதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை, உள்ளே விடலாம் என்று சொல்லும் +2 மட்டும் போட்டேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: பெயரின் வடிவம் வேறு, பெயரின் பொருள் வேறு. அடிக்கோடு போட்டு ஸ்னேக் கேஸில் எழுதுவதா, நடுவில் கேபிடல் வைத்து கேமல் கேஸில் எழுதுவதா என்பதெல்லாம் வடிவம், அதை மெஷின் பார்த்துக்கொள்ளும். ரஸ்ட் மொழியில் ஃபங்ஷன் பெயரை கேமல் கேஸில் வைத்தால் கம்பைலரே முணுமுணுக்கும். லினக்ஸ் கெர்னலில் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் அதே வேலையைச் செய்யும். அதற்காக மனிதர் நேரம் செலவழிப்பது தண்டம். ஆனால் 'கெட்_செஷன்' என்ற ஃபங்ஷன், செஷன் இல்லாவிட்டால் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுகிறது என்பதை எந்த லின்ட்டரும் (கோடைத் தானாகச் சோதிக்கும் கருவி) சொல்லாது. அதன் பெயர் வடிவத்தில் கச்சிதம், பொருளில் பொய். பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் ஜாங்கோவில் பாருங்கள், 'கெட்_ஆர்_கிரியேட்' என்று பெயரே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. ரிவ்யூவில் நான் சண்டை போடுவது இந்த இரண்டாவது ரகத்துக்கு. அதற்குத் தேவை, பழைய பெயரையும் புதிய பெயரையும் அது போய் உட்காரும் ஒவ்வொரு இடத்தையும் சேர்த்து, வேறு இரைச்சல் இல்லாமல் காட்டும் ஒரு திரை.

இரைச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. பெயர் மாற்றத்தையும் லாஜிக் மாற்றத்தையும் ஒரே கமிட்டில் போட்டுக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்களே, நாற்பது ஃபைலில் பெயர் மாறியிருக்கும், நடுவில் எங்கோ ஒரு 'பெரியது' குறி 'பெரியது அல்லது சமம்' ஆகியிருக்கும். முந்நூறு வரி பெயர் மாற்றத்தைப் பார்த்துக் கண் மரத்துப்போன பிறகு அந்த ஒரு வரி எப்படித் தெரியும்? கெரிட்டில் ஒரு கமிட்டுக்கு ஒரு சேஞ்ச் என்பதால் இதைப் பிரிக்கச் சொல்வது சுலபம். முதல் சேஞ்ச் வெறும் பெயர் மாற்றம், அதன் தோளில் ஏறி நிற்கும் இரண்டாவது சேஞ்ச் லாஜிக். இரண்டும் ஒரு சங்கிலியாகப் பக்கத்தில் தெரியும், தனித்தனியாக ரிவ்யூ நடக்கும், முதலாவதை இன்றைக்கே உள்ளே விட்டுவிட்டு இரண்டாவதைப் பற்றி ஒரு வாரம் வாதாடலாம். புல் ரிக்வெஸ்டிலும் கமிட்களைப் பிரித்து அனுப்ப முடியும், யாரும் தடுக்கவில்லை, ஆனால் கடைசியில் எல்லோரும் திறப்பது எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் அந்த ஒரே பக்கத்தைத்தான்.

கமிட் மெசேஜும் இங்கே ஒரு ஃபைல்தான். ஃபைல் பட்டியலில் முதல் ஆளாக அதுதான் நிற்கும், வரிக்கு வரி கமென்ட் போடலாம். சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு மாற்றத்துக்கு எழுதுபவர் வைக்கும் முதல் பெயரே கமிட்டின் தலைப்பு வரிதானே? "பக் ஃபிக்ஸ்" என்ற தலைப்பில் போய் "எந்த பக்?" என்று ஒரு கமென்ட் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் எழுதியவருக்கே அப்போதுதான் தெளிவாகும், தலைப்பு ஒரு வரியில் அடங்கவில்லை என்றால் சேஞ்சே இரண்டாக இருக்க வேண்டியது என்று. வேறு எந்தக் கருவியிலும் கமிட் மெசேஜுக்கு இந்த மரியாதையை நான் பார்த்ததில்லை.

மதிப்பெண் முறை. -2-லிருந்து +2 வரை. +1 என்றால் "எனக்குச் சரி, ஆனால் இன்னொருவர்தான் முடிவு சொல்ல வேண்டும்", +2 என்றால் "சரி, உள்ளே விடலாம்". இரண்டு பேர் +1 போட்டால் கூட்டி +2 ஆகிவிடாது, இதை எத்தனை பேரிடம் விளக்கியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. -1 ஒரு அதிருப்தி, அவ்வளவுதான். -2 வேறு ரகம், அது அடுத்த பேட்ச் செட்டுக்கும் ஒட்டிக்கொண்டே வரும், பொதுவாகப் போட்டவரே வந்து எடுக்க வேண்டும். போட்டுவிட்டு விடுமுறையில் போய்விட்ட ஒரு மெயின்டெய்னரால் (ப்ராஜெக்டைப் பராமரிப்பவர்) ஒரு சேஞ்ச் மூன்று வாரம் நின்றதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் எதற்கு என்றால் ஒரு கிளாஸ் பெயரின் கடைசியில் 'மேனேஜர்' வேண்டுமா வேண்டாமா என்பதற்கு.

இங்கேதான் கருவிக்கு வெளியே இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரிவ்யூவர்கள் சின்னக் குறைகளுக்கு முன்னால் 'நிட்' என்று போடுவார்கள். நிட் என்றால் ஈர், பேன் இடும் முட்டை. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம்மிடம் சொல்வார்களே, கோட் ரிவ்யூவில் நடக்கும் பாதிச் சண்டைக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. கூகுள் 2019-ல் பொதுவில் வைத்த ரிவ்யூ வழிகாட்டியில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: ஸ்டைல் கைடில் (கோடை எப்படி எழுத வேண்டும் என்ற விதித் தொகுப்பு) இருப்பதுதான் சட்டம், அதில் இல்லாதது வெறும் விருப்பம், விருப்பம் என்றால் எழுதியவர் பக்கம் விட்டுக்கொடு. அப்புறம், மாற்றம் கச்சிதமாக இல்லாவிட்டாலும் கோடை முன்பைவிட நல்ல நிலைக்குக் கொண்டுபோகிறது என்றால் அனுமதித்துவிடு. கெரிட்டில் ஒவ்வொரு கமென்டும் 'தீர்ந்தது', 'தீரவில்லை' என்று இரண்டு நிலையில் இருக்கும், நீங்களே எழுதும்போதே 'தீர்ந்தது' என்று குறித்து அனுப்பலாம். நான் இப்போதெல்லாம் ஈர் ரகக் கமென்ட்களை அப்படித்தான் அனுப்புகிறேன். படித்துக்கொள், செய்தால் சந்தோஷம், செய்யாவிட்டால் வழியை மறிக்க மாட்டேன். இந்த ஒரு சின்ன டிக் என் கெட்ட பெயரைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது.

ஒரே கருவிக்குள் எத்தனை சட்டங்கள் ஓடுகின்றன என்பது தனி வேடிக்கை. பிரவுசருக்குள் சர்வரிடம் பேசும் அந்தப் பழைய எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டி எழுதும் அந்த ஒரே பெயருக்குள் எக்ஸ்எம்எல் முழுக்க கேபிடல், பக்கத்திலேயே எச்டிடிபி-யில் முதல் எழுத்து மட்டும் கேபிடல். ஆண்ட்ராய்டின் ஜாவா ஸ்டைல் கைடு சுருக்கெழுத்துகளைச் சாதாரணச் சொல் மாதிரி நடத்தச் சொல்கிறது, அதன்படி இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் கேபிடல். கோ மொழியின் ரிவ்யூ குறிப்புகள் நேர் எதிர், இரண்டும் முழுக்க கேபிடலாக இருக்க வேண்டும், யூஆர்எல் என்பதில் யூ மட்டும் பெரிதாக இருக்கவே கூடாது. ஆண்ட்ராய்டும் கோ-வும் கெரிட்டில்தான் ரிவ்யூ ஆகின்றன. பிரவுசரில் இருப்பதோ இரண்டு சட்டத்துக்கும் பொருந்தாது. லிப்ரே ஆஃபீஸுக்குப் போனால் எண்ணுக்கு முன்னால் என், பூலியனுக்கு முன்னால் பி (b), பாயின்டருக்கு இன்னொரு பி (p), மெம்பருக்கு எம்_ என்று வகையைப் பெயரின் தலையிலேயே ஒட்டும் ஹங்கேரியன் முறை இன்னும் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் ஸ்டைல் கைடோ அதே ஹங்கேரியன் முறையைக் கிழித்துத் தொங்கவிடும், வகை கம்பைலருக்குத் தெரியும், பெயரில் எதற்கு என்று. (கெர்னல் ஆட்கள் கெரிட் பக்கமே வருவதில்லை, அவர்களுக்கு எல்லாம் ஈமெயில்தான்.) யார் சரி? அவரவர் வீட்டில் அவரவர் சரி. புது ப்ராஜெக்டுக்குள் போகும்போது பழைய வீட்டுப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் விட்டுவிட வேண்டும். நான் இதைக் கற்றுக்கொள்ள ஒரு -2 தேவைப்பட்டது.

கேபிடல் என்றதும் ஒரு கிளைக்கதை. கோ மொழியில் ஒரு பெயரின் முதல் எழுத்து கேபிடலாக இருந்தால்தான் அது பேக்கேஜுக்கு வெளியே தெரியும். தமிழில் ஏது கேபிடல்? அதுபோக, கோ-வின் இலக்கணப்படி பெயருக்குள் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் வரலாம், மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் கொம்பும் காலும் சேர்க்கைக் குறிகள் என்பதால் அவற்றுக்கு இடமில்லை. ஆக 'படம்' என்று வேரியபிளுக்குப் பெயர் வைத்தால் ம் மேல் இருக்கும் புள்ளியிலேயே கம்பைலர் மக்கர் பண்ணும். பைத்தான் 3-ல் அதே பெயர் அழகாக ஓடும், ரஸ்டிலும் 2021-ல் வந்த 1.53-லிருந்து ஓடும். ரிவ்யூவில் யாராவது அப்படி எழுதிக் கொண்டுவந்தால் +2 போடுவேனா என்று கேட்காதீர்கள்.

சரி, பெயருக்கு ஏன் இவ்வளவு அழுகை, பிறகு மாற்றிக்கொள்ளலாமே? உள்ளூர் வேரியபிள் என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதனால்தான் அதில் நான் வாயைத் திறப்பதில்லை, லூப்புக்குள் ஐ என்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ரிலீஸ் ஆகி வெளியே போன பெயர் வேறு. எச்டிடிபி-யில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சர்வருக்குச் சொல்லும் 'ரெஃபரர்' என்ற ஹெட்டரின் பெயரில் ஒரு ஆர் விட்டுப்போனது, 1996-ல் வந்த ஆவணத்தில் அப்படியே ஏறியது, இன்றைக்கும் உலகத்தின் எல்லா பிரவுசரும் எழுத்துப் பிழையோடுதான் அனுப்புகின்றன. பிறகு வந்த ரெஃபரர்-பாலிசி ஹெட்டரில் எழுத்து சரியாக இருக்கிறது, ஆக இரண்டையும் வைத்து எழுதுபவர் ஒன்றில் தப்பாகவும் ஒன்றில் சரியாகவும் எழுத வேண்டும். பைத்தானோடு வரும் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்டில் 'அஸெர்ட்ஈக்வல்' என்பதோடு கடைசியில் ஒரு எஸ் ஒட்டிய இரட்டைப் பிறவியும் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருந்து, 2023-ல் வந்த 3.12-ல்தான் அதை எடுத்தார்கள். ஒரே ஒரு எஸ். சப்மிட் அழுத்துவதற்கு முன்னால் யாராவது ஒரு கமென்ட் போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

குறைகளுக்குத் திரும்புகிறேன். கமென்ட் எழுதி 'சேவ்' கொடுத்தால் அது டிராஃப்ட்தான், உங்களுக்கு மட்டும்தான் தெரியும். மேலே போய் 'ரிப்ளை' திறந்து 'சென்ட்' கொடுத்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். யோசித்துப் பார்த்தால் நல்ல ஏற்பாடு, இருபது கமென்டுக்கு இருபது ஈமெயில் போகாது, கோபத்தில் எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் அழித்துவிடலாம். ஆனால் ஆரம்பத்தில் நான் ஒருவருக்குப் பதினான்கு கமென்ட் எழுதிவிட்டு, அவர் நான்கு நாளாகப் பதிலே சொல்லவில்லையே, என்ன திமிர் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். பதினான்கும் டிராஃப்டில் இருந்தன. புல் ரிக்வெஸ்டிலும் இதே 'பெண்டிங்' பொறி உண்டு என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

3.3 பதிப்பில் வந்த 'அட்டென்ஷன் செட்' இதற்கு ஓரளவு மருந்து. இப்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி வரும், முகப்புத் திரையில் "உன் முறை" என்று தனிப் பகுதி வரும். நான் கமென்ட் அனுப்பினால் அம்பு எழுதியவரிடம் போகும், அவர் பதில் சொன்னால் என்னிடம் திரும்பும். "யாரும் என் சேஞ்சைப் பார்க்கவில்லை" என்ற புலம்பல் ஓப்பன் சோர்ஸில் எவ்வளவு சகஜம் என்று தெரியும்தானே, அதில் பாதிக்கு மேல் இருவரும் மற்றவர் முறை என்று நினைத்துக் காத்திருப்பதுதான்.

தோற்றம் சுமார். முதல் முறை திறப்பவருக்கு ஏதோ விமானி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். விசைப்பலகைக் குறுக்குவழிகள் பழகினால் மவுஸே வேண்டாம், கேள்விக்குறியை அழுத்தினால் முழுப் பட்டியல் வரும். இஷ்யூ ட்ராக்கர் கிடையாது, பில்டும் டெஸ்டும் தானாக ஓட்ட ஜென்கின்ஸோ ஜூலோ தனியாகக் கட்டி, அது வந்து 'வெரிஃபைட்' மதிப்பெண் போட வேண்டும். சர்வர் நிறுவுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை, ஒரே ஒரு ஜாவா வார் ஃபைல்தான், ஆனால் அனுமதிகள் பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு முழு நாள் ஒதுக்கிவிடுங்கள். 2019-ல் வந்த 3.0-லிருந்து கமென்ட், மதிப்பெண் எல்லாமே தனி டேட்டாபேஸில் இல்லாமல் அதே கிட் ரெப்போவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன, ஐந்து வருடம் கழித்து "இந்தப் பெயரை ஏன் இப்படி வைத்தோம்" என்று தோண்டினால் வாதம் முழுக்கக் கிடைக்கும். இது எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம், வேறு ஹோஸ்டிங்குக்கு மாறும்போது ரிவ்யூ பேச்சுகள் காற்றில் போவதை ஒருமுறை பார்த்துவிட்ட பிறகு.

இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன ப்ராஜெக்டுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வழியில் எட்டிப் பார்ப்பவரை சேஞ்ச்-ஐடி ஹூக்கைக் காட்டி விரட்டிவிடுவீர்கள். கோ ப்ராஜெக்டில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள், கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் போட்டால் ஒரு பாட் அதை கெரிட்டுக்கு எடுத்துப் போய்விடும், ரிவ்யூ அங்கே நடக்கும். பத்துப் பேருக்கு மேல் ரிவ்யூ செய்கிறார்கள், வெளியே மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்தும் ஏபிஐ இருக்கிறது, வரலாற்றைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பிடிவாதம் இருக்கிறது என்றால் தாராளமாக வாருங்கள்.

நேற்று நானே ஒரு சேஞ்ச் அனுப்பினேன். மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப வந்த கோடைப் பிரித்து ஒரு ஃபங்ஷனாக்கி, சோம்பேறித்தனத்தில் 'யூட்டில்_ஹெல்ப்பர்' என்று பெயர் வைத்துவிட்டேன். முன்பு டைம்அவுட் சேஞ்சை எழுதினாரே, அவர்தான் ரிவ்யூவர். காலையில் -1, ஒரே ஒரு கமென்ட்: "யாருக்கு ஹெல்ப்?" தீரவில்லை என்றுதான் குறித்திருக்கிறார். அம்புக்குறி இப்போது என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேட்ச் செட் 2-க்கு நல்ல பெயர் இன்னும் கிடைக்கவில்லை.